அவருக்கும் ஓர் இடம் வையுங்கள்

உறையூரை ஆண்ட கோப்பெருஞ்சோழன் மீது அவன் பெற்ற மகன்கள் இருவரும் பகை கொண்டு எழுந்தார்கள். சினம் தாளாமல் அரசன் போருக்குக் கிளம்பினான். புல்லாற்றூர் எயிற்றியனார் என்ற புலவர் குறுக்கே வந்து நின்றார். அவர் கேட்டது புறநானூற்றில் 213-ஆம் பாட்டாக இருக்கிறது. இவர்களைக் கொன்று நீ வென்றால் உனக்குப் பிறகு இந்த நாட்டை யாரிடம் விட்டுப் போவாய்? நீ தோற்றால் உன் பகைவர்கள்தானே மகிழ்வார்கள்? அரசனிடம் பதில் இல்லை. போரை விட்டான். கூடவே வாழ்வையும் விட முடிவு செய்தான். ஆற்றிடைக்குறை ஒன்றில், வெயில் புள்ளி புள்ளியாக விழும் மர நிழலில், வடக்கு நோக்கி உட்கார்ந்து உணவை நிறுத்தினான்.

இதற்கு வடக்கிருத்தல் என்று பெயர். தமிழ்நாட்டுப் பள்ளிப் பாடநூல்களில் இதை ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போவார்கள். மானத்துக்காக உயிர்விட்ட மன்னன் என்பதோடு கதை முடிந்துவிடும். ஆனால் அந்தச் சாவைச் சுற்றி 213 முதல் 223 வரை வரிசையாக அமைந்திருக்கும் பாட்டுகளைச் சேர்த்து வாசித்தால் வேறொன்று தெரிகிறது. பசியைப் பற்றிப் பேச்சில்லை. உடம்பு வற்றுவதும் ஒரே ஓர் அடியோடு சரி. யார் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள், யார் இன்னும் வரவில்லை, யாரைத் திருப்பி அனுப்பியாயிற்று என்பதே அந்தப் பாட்டுகளில் பெரும்பாலும். சாகப்போகிற ஒருவனின் மனத்தில் கடைசியாக எது தங்கியிருந்தது என்பதற்கு இவ்வளவு நெருக்கமான பதிவுகள் பழைய இலக்கியங்களில் மிகக் குறைவு.

அரசனின் எண்ணம் முழுவதும் பிசிராந்தையார் மேல் இருந்தது. பாண்டிய நாட்டுப் பிசிர் என்ற ஊர்க்காரர். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. கேள்விப்பட்டதோடு சரி. சூழ இருந்தவர்கள் தயங்கினார்கள்: நேரில் காணாத நட்பு, இத்தனை தொலைவு, அவர் எங்கே வரப்போகிறார்? அரசன் ஐயப்படவில்லை. செல்வத்தோடு இருந்தபோது வராமல் இருந்திருக்கலாம், துன்பம் வந்தபோது வராமல் இருக்கமாட்டார், அவருக்கும் ஓர் இடம் விட்டு வையுங்கள் என்றான். அவர் வந்தார். வந்து, ஒழித்து வைத்த இடத்தில் உட்கார்ந்தார். பொத்தியார் என்ற புலவர் அதைக் கண்டு வியந்து பாடியிருக்கிறார். கண்ணகனார் என்பவரோ, பொன்னும் முத்தும் பவளமும் மணியும் எங்கெங்கோ பிறந்தாலும் ஒரே அணிகலனில் வந்து சேர்ந்துவிடுவதைச் சொல்லிச் சான்றோர் சான்றோரிடமே போய்ச் சேர்வார்கள் என்று பாடினார். கருவூர்ப் பெருஞ்சதுக்கத்துப் பூதநாதனாரின் பாட்டில் ஏக்கம் தெரிகிறது. உன் குறிப்பறிந்து பலர் உன்னோடு அமர்ந்துவிட்டார்கள், என்மேல் உனக்கு ஏதும் வருத்தமா என்று கேட்கிறார்.

இவர்கள் எல்லாரையும் விட மனத்தைத் தொடுவது பொத்தியாரின் நிலை. அவரும் அரசனோடு வடக்கிருக்க வந்தவர்தான். அவருடைய மனைவி அப்போது கருவுற்றிருந்தார். மகன் பிறந்த பிறகு வா என்று அரசன் அவரைத் திருப்பி அனுப்பிவிட்டான். அவர் உறையூருக்கு நடந்தார். அரசனில்லாத ஊரைக் கண்டு, யானையை இழந்த பாகன் வெறுங்கட்டுத்தறியைக் கண்டு அழுவதுபோல அழுதார். மகன் பிறந்தான். அவர் திரும்பி வந்தபோது அரசன் நடுகல் ஆகியிருந்தான். அந்தக் கல்லிடம் போய், என் இடம் எது என்று கேட்டார். அடுத்த பாட்டில் அவருக்கு இடம் கிடைத்துவிடுகிறது.

சாவதற்குத் தடை போட்டவன் தானே சாக உட்கார்ந்திருந்த அரசன் என்பது கவனிக்க வேண்டிய செய்தி. பிறக்கப்போகும் குழந்தையின் கணக்கு தீராமல் தகப்பன் கிளம்பக் கூடாது என்ற விதி அங்கே இருந்திருக்கிறது. அதை யாரோ ஒருவர் எடுத்துச் சொல்லும் வழக்கமும் இருந்திருக்கிறது. துக்கத்தில் இருக்கும் ஒருவர் செத்தவரோடு தானும் போய்விடத் துடிப்பது இன்றும் நடக்கிறது. பொத்தியாருக்குக் கிடைத்த மாதக்கணக்கான தாமதம் இன்று எல்லாருக்கும் கிடைப்பதில்லை. தாமதத்துக்குப் பிறகும் அவர் மனம் மாறவில்லை என்பதையும் பாட்டு மறைக்கவில்லை.

எல்லா வடக்கிருத்தலும் ஒரே மாதிரி இருக்கவில்லை. நீடாமங்கலத்துக்கு அருகே இன்று கோயில்வெண்ணி என்று சொல்லப்படும் வெண்ணியில் கரிகாலனுக்கும் சேரமான் பெருஞ்சேரலாதனுக்கும் போர் நடந்தது. கரிகாலன் எறிந்த வேல் சேரனின் மார்பைத் துளைத்து முதுகு வழியே வெளியேறியது. அவன் புறமுதுகு காட்டியவன் அல்லன். ஆனாலும் முதுகில் புண் பட்டுவிட்டது என்ற நாணம் அவனை வடக்கே பார்த்து உட்கார வைத்தது. வெண்ணிக்குயத்தியார் என்ற பெண்பாற்புலவர் வெற்றி பெற்ற கரிகாலனிடமே போய், வென்றவன் நீ, ஆனால் புறப்புண் நாணி வடக்கிருந்தவன் உன்னைவிட நல்லவன் அல்லவா என்று கேட்டார். அந்தத் துணிச்சலைப் பாராட்டாமல் இருக்க முடியாது. அதே நேரம், இந்தச் சாவு கோப்பெருஞ்சோழனின் சாவிலிருந்து மாறுபட்டது என்பதையும் சொல்லியாக வேண்டும். இங்கே ஒரு மனிதனை உலகத்தின் பார்வை கொன்றது. பிழையே செய்யாதவன் பழிக்கு அஞ்சி உயிர்விட்டான். அந்தச் செய்தி கேட்டுச் சான்றோர் பலரும் உடன் உயிர் நீத்ததாக அகநானூற்றில் மாமூலனார் சொல்கிறார். ஒரு சாவு பல சாவுகளை இழுக்கும் என்பதை மனநல மருத்துவர்கள் இன்று மிகுந்த கவலையோடு பேசுகிறார்கள். மாமூலனார் அதைப் பெருமையாகச் சொல்லியிருக்கலாம். இன்று வாசிப்பவருக்கு அது பெருமையாகப் படவேண்டியதில்லை.

புலவர் கபிலரின் முடிவு குறித்து இரண்டு சாட்சியங்கள் உண்டு. நண்பனான வள்ளல் பாரி இறந்தபின் அவன் மகளிரைப் பாதுகாப்பான இடத்தில் சேர்த்துவிட்டு அவர் வடக்கிருந்தார் என்கிறது புறநானூற்று அடிக்குறிப்பு மரபு. அவர் தீயில் புகுந்தார் என்கிறது திருக்கோவலூர் வீரட்டானேசுவரர் கோயிலில் உள்ள முதலாம் இராசராசன் காலக் கல்வெட்டு. தென்பெண்ணை ஆற்றில் உள்ள பாறை ஒன்றை ஊரார் இன்றும் கபிலர் குன்று என்கிறார்கள். முறை எதுவானாலும் இரண்டு சாட்சியங்களும் ஒன்றில் ஒத்துப்போகின்றன. பெண்பிள்ளைகளுக்கு வழி செய்துவிட்டுத்தான் அவர் கிளம்பினார்.

உண்ணாமல் உயிர்விடும் வழக்கம் சமணரிடமும் உண்டு. செஞ்சிக்கு அருகே, சிங்கவரம் பக்கம், திருநாதர்குன்று இருக்கிறது. அங்கே ஒரு பெரும்பாறையில் 24 தீர்த்தங்கரர்களையும் வரிசைக்கு 12 பேராக இரண்டு வரிசைகளில் செதுக்கியிருக்கிறார்கள். அந்தக் குன்றில் உள்ள சிறிய கல்வெட்டுகள் தமிழ் எழுத்தின் வளர்ச்சியை ஆராய்பவர்களுக்கு மிக முக்கியமானவை. அவற்றுள் ஒன்று, ஏறத்தாழ 6-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது, சந்திரநந்தி ஆசிரியர் என்ற சமணத் துறவி 57 நாள் உண்ணாநோன்பு நோற்று முடித்த இடம் அது என்று சொல்கிறது. இன்னொன்று இளைய பட்டாரகர் என்பவர் 30 நாள் நோற்றதைச் சொல்கிறது. அதே வட்டாரத்துப் பறையன்பட்டில், வச்சிரநந்தி ஆசிரியரின் மாணாக்கரான ஆராதன் என்பவர் நோற்று முடித்த இடத்துக்கும் கல்வெட்டு உண்டு. இப்படிப்பட்ட இடத்துக்கு நிசீதிகை என்று பெயர். சமணர் இந்த நோன்பைச் சல்லேகனை என்பார்கள்.

நாள் கணக்கைக் கல்லில் வெட்டியவர் யார் என்ற கேள்வி இங்கே முக்கியம். நோன்பிருந்தவர் வெட்டவில்லை, வெட்டியிருக்கவும் முடியாது. 57 என்று எண்ணுவதற்கு 57 நாளும் ஒருவர் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும்.

57 நாள் நம்பக்கூடியதுதானா? நம்பலாம். 1981-இல் வட அயர்லாந்துச் சிறையில் நீரும் உப்பும் மட்டும் கொண்டு உண்ணாவிரதம் இருந்து இறந்த 10 பேர் 46 முதல் 73 நாள் வரை உயிரோடிருந்தார்கள். அவர்களுள் முதலாமவரான பாபி சாண்ட்ஸ் 66-ஆம் நாள் இறந்தார். நீரையும் விட்டுவிட்டால் கணக்கு மாறிவிடும். அப்போது உயிர் பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரங்களுக்கு மேல் தாங்காது. ஆகவே சந்திரநந்தி நீரைக் கடைசிக் கட்டத்தில்தான் விட்டிருக்க வேண்டும். சமண நூல்கள் சொல்லும் படிமுறையும் அதுதான்.

அந்தப் படிமுறையை வகுத்த நூல்களுள் புகழ்பெற்றது சமந்தபத்திரர் வடமொழியில் எழுதிய இரத்தினகரண்டக சிராவகாசாரம். இல்லறத்தாருக்கான அறநூல். அருங்கலச்செப்பு என்ற தமிழ்ச் சமண நூல் இதை அடியொற்றி எழுந்தது. சல்லேகனைக்கு யார் தகுதியுடையவர் என்பதைச் சமந்தபத்திரர் இறுக்கமாக வரையறுக்கிறார். விலக்க முடியாத பேரிடர், பஞ்சம், தீராத முதுமைத் தளர்ச்சி, மருந்தில்லாத நோய் ஆகியவை வந்து, அறத்தோடு வாழ வழி அடைபட்டிருக்க வேண்டும். அதன்பின் முதல் வேலை உறவைச் சரிசெய்வது. உற்றாரிடமும் வேலைக்காரர்களிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டும், தானும் மன்னிக்க வேண்டும். செய்த பிழைகளை ஆசிரியரிடம் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அதன் பிறகே திட உணவைக் குறைப்பது, பிறகு பால் மோர் போன்றவை, பிறகு வெந்நீர், கடைசியில் அதுவும் இல்லை.

இந்த நூலில் நின்று யோசிக்க வேண்டிய இடம் ஐந்து குற்றங்களின் பட்டியல். நோன்பில் அமர்ந்தவருக்கு வாழவேண்டும் என்ற ஏக்கம் வந்தால் அது குற்றம். சாவு சீக்கிரம் வரவேண்டும் என்ற ஆசை வந்தால் அதுவும் குற்றம். அச்சம், நண்பர்களை நினைந்து உருகுவது, மறுமையில் பயன் எதிர்பார்ப்பது ஆகியவை மற்றவை. சாக விரும்புகிறவனுக்கு இந்த நோன்பில் இடமில்லை என்று எழுதிவைத்திருக்கிறார்கள். தற்கொலையும் சல்லேகனையும் ஒன்றல்ல என்று சமணர்கள் நூற்றாண்டுகளாகச் சொல்லிவரும் வாதத்தின் வேர் இது. நண்பர்களை நினைந்து உருகுவது குற்றம் என்பதில், பிசிராந்தையாருக்கு இடம் ஒழித்து வைத்த சோழன் இந்த விதிப்படி தேறமாட்டான். தமிழ் வடக்கிருத்தலும் சமணச் சல்லேகனையும் ஒன்றே என்று சொல்பவர்கள் இந்த வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். ஒன்று பாசத்தோடும் மானத்தோடும் நடந்தது. இன்னொன்று பற்றையெல்லாம் ஒவ்வொன்றாகக் கழற்றி வைப்பது.

சமந்தபத்திரரைப் பற்றியே சமண மரபில் ஒரு கதை உண்டு. எவ்வளவு உண்டாலும் அடங்காத பசிநோய் அவரைப் பிடித்தது. சல்லேகனை ஏற்க அனுமதி கேட்டு ஆசிரியரிடம் போனார். ஆசிரியர் மறுத்துவிட்டார். உன்னால் ஆகவேண்டிய வேலை இன்னும் இருக்கிறது, துறவுக்கோலத்தைக் களைந்துவிட்டாவது நோயைத் தீர்த்துக்கொண்டு வா என்று அனுப்பினார். அப்படியே செய்து, நோய் தீர்ந்து, அதன்பின் நெடுங்காலம் வாழ்ந்தார். கதை உண்மையோ இல்லையோ, இதைச் சொல்லிச் சொல்லி வைத்திருந்த சமூகம் எதை நினைவில் வைக்க விரும்பியது என்பது தெளிவு. இந்த நோன்பின் இலக்கணத்தை எழுதியவருக்கே ஒருமுறை அனுமதி மறுக்கப்பட்டது.

சாக வேண்டும் என்ற ஆசையைச் சந்தேகத்தோடு பார்க்கும் இந்தப் பழைய பார்வைக்கு இருபதாம் நூற்றாண்டில் மருத்துவச் சான்று கிடைத்தது. கனடாவின் வினிபெக் நகரில் ஹார்வி சோச்சினாவ் என்ற மனநல மருத்துவரும் உடனிருந்தவர்களும் இறுதிக்கட்ட நோயாளிகள் 200 பேரிடம் பேசி, 1995-இல் முடிவை வெளியிட்டார்கள். ஏறத்தாழ 45 சதவீதத்தினருக்குச் சீக்கிரம் சாவு வந்தால் நல்லது என்ற எண்ணம் அவ்வப்போது வந்துபோனது. விடாமல், அழுத்தமாக அதையே விரும்பியவர்கள் 8.5 சதவீதம். அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோருக்கு மனச்சோர்வு நோய் இருந்தது. மற்றவர்களிடம் அந்த நோய் பத்தில் ஒருவருக்குக்கூட இல்லை. அதே குழு 1999-இல் 168 புற்றுநோயாளிகளிடம் வாழும் விருப்பத்தை நாளுக்கு இருமுறை அளந்து பார்த்தது. காலையில் ஒன்று, மாலையில் வேறொன்று என்னும் அளவுக்கு அது ஏறி இறங்கியது. மனச்சோர்வு, மூச்சுத்திணறல், பதற்றம் ஆகியவற்றோடு சேர்ந்து அது ஆடியது. அதாவது ஒரு மாலைப்பொழுதில் சொன்ன சொல்லை வைத்து ஒருவரின் முடிவு இதுதான் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. வாரக்கணக்கில் நீளும் சல்லேகனையின் படிகள் இந்த ஏற்ற இறக்கத்துக்கு இடம் கொடுத்தன. மனம் மாறினால் மோரோடு திரும்பி வர ஒரு வழி இருந்தது.

கன்னட நாட்டில் இந்த நோன்பு அரசர்களையும் தொட்டது. கங்க மன்னன் மாரசிம்மன் 10-ஆம் நூற்றாண்டில் பங்காபுரத்தில் இப்படி இறந்தான். இராட்டிரகூட வம்சத்தின் கடைசி அரசனான நான்காம் இந்திரன் 982-இல் சிரவணபெளகொளவில் இறந்தான். அங்குள்ள சந்திரகிரி மலையில் சந்திரகுப்த மௌரியரே தம் குரு பத்திரபாகுவைத் தொடர்ந்து வந்து நோன்பிருந்து இறந்தார் என்பது மரபு. தமிழில் சிலப்பதிகாரத்தின் சமணப் பெண்துறவி கவுந்தியடிகள் இருக்கிறார். கோவலனையும் கண்ணகியையும் மதுரைவரை வழித்துணையாக அழைத்துவந்து மாதரி என்ற ஆயர்குலப் பெண்ணிடம் அடைக்கலம் கொடுத்தவர் அவர். கோவலன் கொலைப்பட்ட செய்தி கேட்டு உண்ணாமல் உயிர்விட்டார். மாதரி தீப்புகுந்தாள். நெறிமுறைப்படி பார்த்தால் கவுந்தியின் சாவு துக்கத்தால் வந்தது. காப்பியம் அதற்கு விளக்கம் தேடவில்லை. தாம் கொண்டுவந்து சேர்த்த பிள்ளைகள் அழிந்துபோனதைத் தாங்க முடியாத ஒரு முதிய பெண்ணின் சாவாக அதை விட்டுவிடுகிறது.

பிற்காலத்திலும் இது அறுபடவில்லை. திகம்பர சமணரின் பெருந்துறவியான ஆச்சாரிய சாந்திசாகரர் கண்பார்வை மங்கிய நிலையில் மகாராட்டிரத்தின் குந்தல்கிரியில் நோன்பு ஏற்று 1955 செப்டம்பரில் 36-ஆம் நாள் இறந்தார். சமணரல்லாத வினோபா பாவே 1982 நவம்பரில், நோயுற்ற நிலையில், உணவையும் மருந்தையும் மறுத்துப் பவனார் ஆசிரமத்தில் உயிர்விட்டார்.

தமிழ்நாட்டில் உண்ணாமல் சாவது என்றால் இன்று முதலில் நினைவுக்கு வருவது சங்கரலிங்கனார். மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வைக்கக் கோரி 1956 ஜூலை 27-இல் விருதுநகரில் உட்கார்ந்தார். அக்டோபர் 13-இல் இறந்தார். பெயர் 1969-இல்தான் வந்தது. அதற்கு முன் 1952-இல் பொட்டி ஸ்ரீராமுலு ஆந்திர மாநிலம் கேட்டுச் சென்னையில் 50 நாட்களுக்கு மேல் உண்ணாமலிருந்து இறந்தார். இவை வடக்கிருத்தலின் வாரிசுகள்போலத் தோன்றும். ஆனால் மனநிலை நேர் எதிரானது. கோரிக்கை நிறைவேறியிருந்தால் சங்கரலிங்கனார் எழுந்து உணவு உண்டிருப்பார். அவர் வாழ விரும்பியவர். கோப்பெருஞ்சோழனிடம் யாரும் எதையும் கொடுத்து எழுப்பியிருக்க முடியாது.

சங்கரலிங்கனார் உண்ணாமல் அமர்ந்த அதே விருதுநகர் வட்டாரத்தில்தான் இன்னொரு வழக்கமும் பேசப்படுகிறது. தலைக்கூத்தல். படுத்த படுக்கையாகிவிட்ட முதியவருக்கு விடியற்காலையில் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீர் கொடுத்து, சாவை வரவழைப்பது. ஊர்களில் இதைக் கொலை என்று சொல்வதில்லை. இழுத்துக்கொண்டு கிடந்தவரை அனுப்பிவைத்தோம் என்பார்கள். 2010 வாக்கில் தனக்கு இது நடக்கப்போகிறது என்று அறிந்து வீட்டைவிட்டு ஓடிய ஒரு முதியவரைப் பற்றிய செய்தி வந்த பிறகுதான் வெளியுலகம் இதைக் கவனித்தது. தேசிய விருது பெற்ற பாரம், கே.டி. என்கிற கருப்புதுரை, தலைக்கூத்தல் என்று தமிழில் படங்களும் வந்தன. வறுமை, பார்த்துக்கொள்ள ஆளில்லாமை, கூலி வேலைக்குப் போனால்தான் அடுப்பெரியும் என்ற நிலை, இவற்றையெல்லாம் மறந்துவிட்டு அந்தக் குடும்பங்களைத் தூற்றுவது எளிது. என்றாலும் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. வடக்கிருத்தலில் சாகிறவர் முடிவெடுத்தார், சுற்றியிருந்தவர்கள் துணையிருந்தார்கள். தலைக்கூத்தலில் சுற்றியிருப்பவர்கள் முடிவெடுக்கிறார்கள், சாகிறவரிடம் கேட்பதில்லை. கிழவர் ஓடினார் என்பதே அவரிடம் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்பதற்கான விடை.

இதே ஊர்களில் மென்மையான வழக்கங்களும் உண்டு. உயிர் பிரியாமல் இழுத்துக்கொண்டிருந்தால் ஏதோ ஓர் ஆசை தங்கியிருக்கிறது என்று எண்ணுவார்கள். மண்ணாசையாக இருக்கும் என்று சொந்த நிலத்து மண்ணைக் கரைத்து ஒரு சொட்டு விடுவார்கள். பொன்னாசையோ என்று காசை உரசிய நீரை விடுவார்கள். தொலைவில் இருக்கும் மகளுக்கு ஆள் அனுப்புவார்கள். சாகிறவர் யாருக்காகவோ காத்திருக்கிறார் என்ற நம்பிக்கை அது. எரிக் லிண்டமன் என்ற அமெரிக்க மனநல மருத்துவர், 1942-இல் பாஸ்டன் நகரக் கேளிக்கை விடுதித் தீவிபத்தில் உறவினரை இழந்தவர்களை ஆராய்ந்து 1944-இல் எழுதிய கட்டுரையில், இழப்பு வருவதற்கு முன்பே தொடங்கிவிடும் துக்கம் ஒன்று உண்டு என்று குறித்தார். ஆள் அனுப்பிவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருக்கும் குடும்பம் அந்தத் துக்கத்தில்தான் இருக்கிறது. மகள் வந்து வாயில் பால் ஊற்றிய பிறகு உயிர் போனால், பார்க்காமல் போய்விட்டாரே என்ற குறை மிச்சமாவதில்லை.

மருத்துவமனைகள் வந்தபின் அந்தத் திண்ணை தீவிர சிகிச்சைப் பிரிவின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே போய்விட்டது. வென்டிலேட்டரில் இருப்பவரை இனி எடுத்துவிடலாமா என்று யாரிடம் கேட்பது, யார் பதில் சொல்வது என்பதற்கு இந்தியாவில் நெடுங்காலம் சட்டம் இல்லை. மருத்துவ ஆலோசனையை மீறி அழைத்துச் செல்கிறோம் என்று கையெழுத்துப் போட்டு, கையால் அழுத்தும் பலூனோடு ஆம்புலன்சில் ஏற்றி, வீட்டு வாசலில் உயிர் போகட்டும் என்று கொண்டுபோன குடும்பங்கள் எத்தனையோ. மும்பை மருத்துவமனை ஒன்றில் 1973-இல் கொடூரமாகத் தாக்கப்பட்டு நினைவிழந்த செவிலி அருணா ஷான்பாக்கின் வழக்கில், 2011-இல் உச்ச நீதிமன்றம் முதன்முறையாக உயிர்காக்கும் சிகிச்சையை நிறுத்துவதற்கு நிபந்தனைகளோடு வழி திறந்தது. அருணாவுக்கு அதைச் செய்ய அனுமதி தரவில்லை. ஏறத்தாழ 37 ஆண்டுகளாக அவரைக் கவனித்துவந்த செவிலியர்கள் அவர் வாழவேண்டும் என்றார்கள், நீதிமன்றம் அவர்களின் சொல்லுக்கு மதிப்புக் கொடுத்தது. படுக்கைப்புண் வராமல் அத்தனை ஆண்டுகள் ஒருவரைப் புரட்டிப் புரட்டிப் போட்டவர்கள் அவர்கள். அவர் 2015 மே மாதம் நிமோனியாவால் இறந்தார்.

2018 மார்ச் 9-இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு, மீள வழியில்லாத நிலை வந்தால் எந்தச் சிகிச்சை வேண்டாம் என்று ஒருவர் முன்கூட்டியே எழுதிவைக்கலாம் என்று தீர்ப்பளித்தது. இரண்டு சாட்சிகளும் நீதித்துறை நடுவரின் கையெழுத்தும் வேண்டும் என்றார்கள். நடுவரைத் தேடி யார் போவார்கள்? நடைமுறை நகரவில்லை. 2023 ஜனவரியில் அதைத் தளர்த்தி, நோட்டரி அல்லது அரசிதழ் பதிவுபெற்ற அதிகாரி போதும் என்றது நீதிமன்றம். மருத்துவமனையில் மூன்று பேர் கொண்ட முதல் குழு ஆராய வேண்டும், மூன்று பேர் கொண்ட இரண்டாம் குழு உறுதிசெய்ய வேண்டும். தனக்காகப் பேசக்கூடிய நெருங்கியவர்களின் பெயரை அந்தத் தாளிலேயே குறிப்பிட வேண்டும்.

இந்த ஏற்பாட்டில் தகுதி பார்க்க ஆட்கள் இருக்கிறார்கள், சாட்சிகள் இருக்கிறார்கள். பழைய நோன்பில் இருந்த ஆசிரியரின் இடத்தில் மருத்துவக் குழு உட்கார்ந்திருக்கிறது. விடுபட்டுப்போனது காலம். சமந்தபத்திரர் முதலில் வைத்த மன்னிப்பும் விடைபெறலும் எந்தப் படிவத்திலும் இல்லை. அதைச் சட்டம் தரவும் முடியாது. வலி தணிக்கும் சிகிச்சையில் இருக்கும் செவிலியர்கள்தான் அதற்கு அருகே வருகிறார்கள். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் அத்தகைய செவிலியர்களிடம் நடத்திய ஓர் ஆய்வு 2003-இல் வெளியானது. உணவையும் நீரையும் தாமே நிறுத்திக்கொண்ட இறுதிநிலை நோயாளிகளைத் தாங்கள் கவனித்திருப்பதாக அவர்களில் பலர் சொன்னார்கள். அந்த நோயாளிகளில் 85 சதவீதம் பேர் 15 நாட்களுக்குள் இறந்தார்கள். போதும், நான் தயார் என்பதே அவர்கள் பெரும்பாலும் சொன்ன காரணம். அந்தச் சாவுகள் எப்படி இருந்தன என்று 0 முதல் 9 வரை மதிப்பெண் போடச் சொன்னபோது செவிலியர்கள் கொடுத்த இடைநிலை மதிப்பெண் 8. பக்கத்தில் பயிற்சி பெற்ற ஒருவர் இருந்து, வாயை ஈரப்படுத்தி, வலிக்கு மருந்து கொடுத்த சாவுகள் அவை.

சல்லேகனை நீதிமன்றத்துக்கு வந்தது வேறு வழியில். 2006-இல் ராஜஸ்தான் உயர் நீதிமன்றத்தில் ஒரு பொதுநல வழக்கு தொடரப்பட்டது. அங்கே இந்த நோன்பைச் சந்தாரா என்பார்கள். வயதான பெண்களைக் குடும்பத்தார் மறைமுகமாக நெருக்குகிறார்கள், உட்கார்ந்தவர் எழ நினைத்தாலும் சுற்றியுள்ள பக்திக்கூட்டம் எழவிடாது என்பது வாதம். இதைத் தள்ளிவிட முடியாது. வடக்கிருந்த சேரலாதனைச் சூழ்ந்திருந்த புகழும் அப்படிப்பட்ட நெருக்குதல்தான். 2015 ஆகஸ்ட் 10-இல் உயர் நீதிமன்றம் இது தற்கொலையே என்றது. நோன்பு இருப்பவர் மீது இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவிலும், துணையிருப்பவர் மீது 306-ஆம் பிரிவிலும் வழக்குப் பதிய உத்தரவிட்டது. நாடு முழுவதும் சமணர்கள் மௌன ஊர்வலம் போனார்கள். ஆகஸ்ட் 31-இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்திவைத்தது.

அதற்குப் பிறகு சட்டத்தின் தரையே நகர்ந்துவிட்டது. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ளவேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது என்றது 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சம்ஹிதையில் பழைய 309-ஆம் பிரிவு இல்லை. அரசு ஊழியரை ஒன்றைச் செய்யவோ செய்யாமலிருக்கவோ நிர்ப்பந்திக்கும் நோக்கத்தோடு தற்கொலைக்கு முயல்வது மட்டும் 226-ஆம் பிரிவில் குற்றமாக இருக்கிறது. கோரிக்கை வைத்துச் சாகும்வரை உண்ணாவிரதம் இருப்பவரை அது தொடக்கூடும். எதையும் கேட்காமல் உண்ணாதிருப்பவரைத் தொடாது. ஆனால் தற்கொலைக்குத் துணைபோவதைத் தண்டிக்கும் பழைய 306-ஆம் பிரிவு 108 என்ற புதிய எண்ணோடு அப்படியே இருக்கிறது, 10 ஆண்டுவரை சிறை. ஆகவே இன்றைய நிலவரப்படி சல்லேகனை தற்கொலைதான் என்று கடைசியில் முடிவானால், நோன்பு ஏற்றவர்மீது வழக்கு வராது. அவருக்கு அனுமதி கொடுத்த ஆசிரியர், வெந்நீர் வைத்துக்கொடுத்த மருமகள், நாளை எண்ணிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் ஆகியோர்மீதுதான் வரும். அவர்கள் துணையிருந்தார்களா, தள்ளினார்களா என்பதை ஒவ்வொரு வீட்டிலும் தனித்தனியாகக் கேட்டுத்தான் அறிய முடியும்.